ஆராய்ச்சிக் கொடையும் இடைநின்றோரும்

எங்கள் புதுக்குடியிருப்பிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஒரு கோவிலுக்குத் திருப்பணி தொடங்கும்போது மூவகை மனிதர் ஒன்றுகூடுவர். பொருள் கொடுப்போர் ஒரு வகையினர். கல்லையும் சுதையையும் கையாளத் தெரிந்த ஆசாரிமார் மற்றொரு வகையினர். இவ்விரு சாராரையும் ஊர் மறப்பதில்லை. கொடுத்தவர் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். செய்தவர் படம் கும்பாபிஷேக மலரிலே வெளிவரும். மூன்றாம் வகையினரோ பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படலைதோறும் ஏறி இறங்குபவர். எவரிடம் கேட்கலாம், எவரிடம் கேட்கலாகாது, அரிவு வெட்டு முடிந்த கையோடு கேட்பதா, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்வரை பொறுப்பதா என்பனவெல்லாம் அறிந்தவர் அவரே. கோபுரம் எழுந்தபின் அவரை நினைப்பார் அரியர். சிலவேளை கணக்கு விடயத்தில் அவர்மீது பழியும் வரும்.

கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் கிடைத்த கொடைகளின் வரலாற்றை நோக்கினால் அங்கும் இம்மூவரையே காண்கிறோம். வள்ளல்களைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியிருக்கின்றனர். புலவர்களைப் பற்றி அதனினும் மிகுதியாக எழுதியிருக்கின்றனர். வள்ளலையும் புலவரையும் ஒருவரோடொருவர் சேர்த்துவைத்த இடைநின்றோரைப் பற்றி எழுதினார் சிலரே. இன்று மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிலும் இத்தொழிலுக்கென ஓர் அலுவலகம் இயங்குகின்றது. பேராசிரியர் ஒருவர் செய்ய விரும்பும் ஆய்வுக்குத் தனியார் கொடையைத் தேடித் தருவது அதன் கடமைகளுள் ஒன்று. அவ்வலுவலகத்தின் தோற்றத்தையும், தமிழ்க் கல்வியுலகில் அதன் பணியை யார் யார் எவ்வெவ்வாறு செய்தனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவிலே உயர்கல்வி தொடங்கிய நாள் முதலே கொடை கேட்கும் தொழிலும் தொடங்கிவிட்டது. ஜோன் ஹாவாட் என்னும் இளம் போதகர் 1638இல் இறக்கும்போது தம் சொத்தின் பாதியையும் ஏறத்தாழ 400 நூல்களையும் புதிதாக எழுந்த ஒரு கல்லூரிக்கு எழுதிவைத்தார். கல்லூரி அவர் பெயரையே ஏற்றது. அக்கொடை கேளாமல் வந்தது. அடுத்த கொடைகளைக் கேட்டே பெறவேண்டியிருந்தது. 1641இல் மூவர் பொருள் தண்டுவதற்கென இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கையிற் கொடுப்பதற்கு ஏதேனும் அச்சிட்ட தாள் வேண்டுமே. 1643இல் இலண்டனில் வெளிவந்த சிறு நூலொன்று கல்லூரியின் அமைப்பையும் மாணவரின் முன்னேற்றத்தையும் எடுத்துக் கூறியது. இக்காலத்தில் பல்கலைக்கழகங்கள் வழவழப்பான தாளில் அச்சிட்டு அனுப்பும் வேண்டுகோள் ஏடுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. அவ்வாண்டிலேயே மோல்சன் சீமாட்டி என்பார் ஏழை மாணவர் ஒருவரின் படிப்புக்கென 100 பவுண் வழங்கினார்.

நமக்கு இன்னும் நெருக்கமானது யேல் பல்கலைக்கழகத்தின் கதை. எலைஹூ யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கும்பனிப் பதவியிலிருந்துகொண்டே சொந்த வாணிகம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டும், அதனால் பதவியிழந்த செய்தியும் அவர் வரலாற்றில் உண்டு. அவர் காலத்துச் சென்னைத் துறையிலிருந்து மனிதரை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் உண்டு. அவர் இங்கிலாந்து திரும்பிய பின், கனெற்றிகட் குடியேற்றத்தின் இலண்டன் முகவராகிய ஜெரமையா டம்மர் அவரை நாடினார். டம்மர் கூர்மதியர். பணம் கேட்குமுன் நூல் கேட்டார். ஐசாக் நியூற்றனிடமும் நூல் பெற்றார். ஊரிலிருந்து கொற்றன் மாதர் என்னும் போதகர், கல்லூரி தம் பெயரால் வழங்குமாயின் அது பிள்ளைகளிலும் நிலைத்த நினைவாகும் என்ற கருத்துப்பட யேலுக்கு மடல் வரைந்தார். 1718இல் யேல் அனுப்பியவை ஒன்பது பொதி சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜோர்ஜின் உருவப்படமும். சரக்கை விற்றதில் 562 பவுண் கிடைத்தது. தமிழ்க் கரையோரத்திலே திரட்டிய செல்வத்தின் ஒரு சிறு துளி ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு என்றும் மாறாப் பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. பெயரை விற்றவர் மலிவாக விற்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்தில் டம்மரைப் போன்ற தனிமனிதர் செய்த பணி பின்னர் நிலையான நிறுவனமாயிற்று. 1890இல் யேல் பழைய மாணவர் ஆண்டுதோறும் சிறு தொகை வழங்கும் நிதியொன்றை நிறுவினர். 1919இல் ஹாவாட் தன் பெரும் நிதித் திரட்டலை நடத்தியபோது, ஜோன் பிறைஸ் ஜோன்ஸ் என்னும் முன்னாட் பத்திரிகையாளர் அதனை ஒரு படையெடுப்புப்போல ஒழுங்கு செய்தார். பெயர்ப்பட்டியல், வட்டாரந்தோறும் பொறுப்பாளர், நாள்தோறும் கணக்கு, செய்தித்தாளுக்கு அறிக்கை என்ற முறைகளெல்லாம் அப்பொழுதே உறுதிப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்வேலை முழுநேர அலுவலர்களிடம் சென்றது. அதனை அவர்கள் வளர்ச்சி அலுவலகம் என்று அழைப்பது வழக்கம். கேட்பது என்ற சொல்லைக் கூசித் தவிர்த்த நாகரிகம் அது போலும்.

அவ்வலுவலகம் பேராசிரியருக்கு எவ்வாறு உதவுகின்றது? ஆய்வாளர் தம் துறையை அறிவார், கொடையாளரை அறியார். கொடையாளருக்கோ துறைச்சொற்கள் விளங்கா. ஆகவே அலுவலர் முதலிற் பேராசிரியரிடம் சென்று, எதைக் கண்டறிய விரும்புகிறீர், அதனால் யாருக்கு என்ன பயன், எத்தனை ஆண்டு, எவ்வளவு பொருள் என்று வினவுவர். பத்துப் பக்கத்தில் வந்த விடையை ஒரு பக்கமாக்குவது அவர்தம் முதல் தொண்டு. பின்னர், அப்பொருளில் நாட்டமுடையவர் யாவர் எனத் தேடுவர்: பழைய மாணவர், அறக்கட்டளைகள், ஒரு நோயினால் உறவினரை இழந்தவர், ஒரு மொழியிற் பற்றுடையவர். ஒரே கொடையாளரிடம் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியர்கள் தனித்தனியே போய் நின்று அவரைச் சலிப்படையச் செய்யாமற் காப்பதும் அவர்கள் வேலை. கொடை உறுதியானதும் உடன்படிக்கை எழுதப்படும். வரிவிலக்குக்குரிய பற்றுச்சீட்டு வழங்கப்படும். ஆண்டுதோறும், பணம் என்னவாயிற்று என்ற அறிக்கை கொடையாளருக்குச் செல்லும். இவ்வறிக்கை செல்லாத இடத்தில் இரண்டாம் கொடை பிறப்பதில்லை என்பது அத்தொழிலிலுள்ளார் அனைவரும் அறிந்த பாடம்.

இரண்டு வேறுபாடுகளை மாணவர்கள் ஈண்டு மனங்கொள்ள வேண்டும். உடன் செலவழிக்கும் கொடை ஒன்று; நிலைவைப்பாக வைக்கும் கொடை மற்றொன்று. பின்னதில் முதலைத் தொடுவதில்லை. அதனை முதலீடு செய்து, ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு அல்லது ஐந்து பங்களவே செலவுக்கு எடுப்பர். அறுபது இலட்சம் டொலர் நிலைவைப்பாயின் நூற்றுக்கு நாலு வீதம் ஆண்டுக்கு 2,40,000 டொலர் கிடைக்கும். ஒரு பேராசிரியரின் சம்பளமும் சில செலவுகளும் அதனுள் அடங்கும். ஏன் ஒரு பீடத்துக்கு அத்துணைப் பெருந்தொகை என்று வியப்பவர் இக்கணக்கை அறியாதவரே. மற்றொரு வேறுபாடு, கொடைக்கும் ஒப்பந்த ஆய்வுக்கும் இடையிலுள்ளது. ஒப்பந்தத்தில் பணம் தந்தவர் முடிவைப் பெற உரிமையுடையவர். கொடையிலோ அவ்வுரிமை இல்லை. ஆய்வின் முடிவு கொடுத்தவருக்குக் கசப்பாயினும் அதனை வெளியிடும் சுதந்திரம் ஆய்வாளருக்கு உண்டு. இந்த எல்லைக்கோட்டைக் காப்பதுதான் இடைநிற்போரின் மிகக் கடினமான பணி என்று நான் கருதுகிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகமொன்றைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே, தமிழ் இளைஞருக்கும் பிறருக்குமாக ஒரு கல்லூரி அமைப்பதற்கான திட்டத்தைக் கொழும்பில் அச்சிட்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரப்பினர். 1643ஆம் ஆண்டுச் சிறு நூலின் உடன்பிறப்பு என்று இதனைக் கூறலாம். தமிழ் இலக்கணம், வடமொழி, ஆங்கிலம், கணிதம், வானநூல் முதலியனவெல்லாம் அங்குக் கற்பிக்கப்பட வேண்டும் என்பது திட்டம். பிரதம நீதியரசராயிருந்த சேர் றிச்சாட் ஒற்லி அளித்த கொடையின் நினைவாக அங்கெழுந்த மண்டபம் ஒற்லி மண்டபம் எனப்பெயர் பெற்றது.

வட்டுக்கோட்டையின் கொடைமுறையில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சபையாரோ ஒரு பிள்ளையின் உணவுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பினால், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். இதனாலேயே யாழ்ப்பாணத்து வரலாற்றில் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்ற இரட்டைப் பெயர்களைக் காண்கிறோம். யேல் தம் பெயரைக் கல்லூரிக்கு ஈந்தார். இவர்களோ தம் பெயரை மானிடப் பிள்ளைகளின்மேற் பொறித்தனர். தாய் தந்தையர் இட்ட பெயர் பின்தள்ளப்பட்டதை எண்ணும்போது நெஞ்சு ஒப்பவில்லை. எனினும் அவ்வாறு கற்ற நெவின்ஸ் தமிழில் நியாய இலக்கணம் எழுதினார். விசுவநாதபிள்ளையோ சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். கொடுத்தவர் எண்ணியது சமயப் பரப்பு, விளைந்ததோ தமிழாராய்ச்சி. கொடையின் பயன் கொடுத்தவன் கணக்கிலே அடங்குவதில்லை.

1855இல் அக்கழகம் மூடப்பட்டது. பழைய மாணவர்கள் விடவில்லை. தாம் கற்ற இடம் மீண்டும் எழவேண்டும் என்று அவர்கள் கூடி முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அதற்குரிய நிலைவைப்பு அமெரிக்காவிலே திரட்டப்பட்டு, பொஸ்டன் நகரில் ஒரு பொறுப்பாளர் சபையின் கையில் வைக்கப்பட்டது. முதல் கடல்கடந்த இடத்தில், வட்டி வட்டுக்கோட்டையில். பணத்தின் திறவுகோல் எங்கே இருக்கின்றது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

சைவத் தமிழரின் கொடைமுறை வேறு. நல்லூர் ஆறுமுக நாவலர் வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பாடசாலை நடத்தினார் என்று வழிவழியாகச் சொல்லப்படும். பள்ளிக்கு அது பொருந்தியது. நூற்பதிப்புக்கு அது போதாதாகலின் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவு வந்து சேர்ந்தது. திருக்குறள் பரிமேலழகருரையும் திருக்கோவையாரும் நாவலர் பதிப்பாக வெளிவந்தமைக்கு அவரே துணை. அவர் மைந்தர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, கொடை ஒரு தனிப் புலவரைக் கடந்து நிறுவனத்துக்குரியதாயிற்று. நூலகம், கலாசாலை, அச்சகம், செந்தமிழ் என்னும் இதழ் ஆகியன அங்கெழுந்தன. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி அச்சிடுவாரின்றிக் கிடந்து 1910இல் அச்சங்கத்தின் வழியே வெளிவந்தது. நம் நாட்டு நீதிபதி கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த பேரகராதியும் அவர் மறைவுக்குப்பின் அச்சங்கத்தின் வெளியீடாகவே அறிஞருலகை அடைந்தது. பாண்டித்துரைத் தேவர் கொடையாளராகவும் இடைநிற்பவராகவும் ஒருவரே இருந்தார். தாமே கொடுப்பார், பிறரையும் கொடுக்கச் செய்வார், எந்த நூல் வெளிவரத் தக்கது என்று தேர்ந்தெடுக்கும் புலமையும் அவர்க்கு இருந்தது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவர் அரிதினும் அரிதாகவே பிறக்கின்றனர்.

அத்தகையோர் கிட்டாத புலவர் நிலை என்ன? தாமோதரம்பிள்ளை உத்தியோகத்தில் ஈட்டியதை ஏடு தேடுவதிலும் அச்சுக்கூலியிலும் செலவிட்டுக் கைநட்டப்பட்டார். தம் பதிப்புரைகளிலே அதனை ஒளிக்காமலும் எழுதினார். உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்துகொண்டே 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்நூலின்பால் அவரைத் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பு. அச்சுச் செலவுக்கு ஐயர் கையாண்ட வழி கையொப்பம் சேர்ப்பது. நூல் வெளிவருமுன்னரே வாங்குவதாகப் பலர் கையொப்பமிட்டு முன்பணம் தருவர். அதற்காக ஊரூராகச் சென்றும் கடிதம் எழுதியும் அவர் பட்ட பாடு அவர்தம் சுயசரிதையை வாசித்தோர் அறிவர். பாடபேதம் ஒப்புநோக்கவேண்டிய நாழிகைகளை அவர் கையொப்பக்காரர் வீட்டுத் திண்ணையிற் கழித்தார். அவர் பெற்றது போதும் என்று நாம் மகிழ்கிறோம். அலைச்சலிற் போன காலத்தில் இன்னும் எத்தனை ஏடுகள் கறையானுக்கு இரையாயின என்பதை யாரும் கணக்கிட்டதில்லை.

தனியார் ஆராய்ச்சிக் கொடைக்குத் தமிழில் ஒரே ஓர் எடுத்துக்காட்டுக் கேட்பாராயின், நான் சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூலையே காட்டுவேன். காரைதீவிற் பிறந்த சுவாமிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பௌதிகமும் கணிதமும் கற்றவர். பண்டைத் தமிழரின் யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எத்தனை, சுருதி எவ்வாறு அமைந்தது என்பன வழக்கொழிந்துபோன செய்திகள். இலக்கியச் சான்றையும் கணிதத்தையும் இணைத்தே அவற்றை மீட்டல் கூடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் தமிழ்ப் பேராசிரியரானவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். ஆயினும் நூலை நிறைவு செய்வதற்கு வேண்டிய தனிமையும் ஆதரவும் எந்தப் பல்கலைக்கழகத்தின் செலவினத் தலைப்பிலும் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையிலே கோனூர் ஜமீந்தார் சிதம்பரஞ் செட்டியார் அவருக்கு இருக்க இடமும் ஆய்வுக்கு வசதியும் அளித்தார். பதிப்பிக்கும் பணியைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் ஏற்றது. 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோவிலிலே நூல் அரங்கேறியது. நூலின் வழியே மீண்ட யாழ்கள் அங்கு இசைக்கப்பட்டன. ஜூலை 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார்.

அரங்கேற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே ஆறு வாரந்தான். செட்டியாரின் ஆதரவு ஓராண்டு பிந்தியிருப்பின் யாழ் நூல் குறிப்பேடுகளாகவே எஞ்சியிருக்கும். கொடையிலே அளவினும் காலம் பெரிது. இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வள்ளலும் அறிஞரும் சந்தித்தது இருவரின் நற்பண்பாலும் நண்பர் சிலரின் அன்பாலும் நேர்ந்த நல்வாய்ப்பு. நல்வாய்ப்பை நம்பி ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த முடியாது.

பெருங்கொடை நிறுவனமாய் எழுந்தமைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சான்று. செட்டிநாட்டு ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார் தாம் நிறுவிய கல்லூரிகளோடு 20 இலட்சம் ரூபாவும் வழங்க, 1929இல் அது பல்கலைக்கழகமாயிற்று. ஈழத்து மாணவர் எத்தனையோ பேர் அங்கே தமிழ் கற்றுப் பண்டிதராயும் பேராசிரியராயும் திரும்பினர். தமிழிசை அங்கே புத்துயிர் பெற்றது. அக்கொடையை எவரும் குறைத்து மதிக்க முடியாது. ஆனால் சட்டம் நிறுவியவருக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் இணைவேந்தர் பதவியையும் துணைவேந்தர் நியமனத்தில் செல்வாக்கையும் பரம்பரையுரிமையாக அளித்தது. எண்பது ஆண்டுகளின்பின் நிதி நெருக்கடி முற்றியது. 2013இல் தமிழ்நாடு அரசு புதுச்சட்டம் இயற்றி அதன் ஆட்சியைத் தன் பொறுப்பில் எடுத்தது. நெருக்கடிக்குக் காரணம் பல. எனினும் கொடைக்குப் பதிலாக ஆட்சியுரிமை தருவது நெடுங்காலத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்ற வினாவை அவ்வரலாறு நம்முன் வைக்கின்றது.

நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் ஒரு கொடைநிலத்திலே நிற்பதுதான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கும், 1921இல் திருநெல்வேலியில் ஆண்களுக்குமாகக் கல்லூரிகள் நிறுவினார். பின்னதாகிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேயே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். இன்று அப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவிலே, மறைந்தவர் நினைவாகக் குடும்பத்தார் நிறுவிய தங்கப்பதக்கங்கள் வரிசையாக வழங்கப்படுவதைக் காண்கிறோம். நினைவுப் பேருரைகளும் நடைபெறுகின்றன. 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டமும் கொடைகளை ஏற்பதற்கு இடமளிக்கின்றது. பதக்கத்தைக் குறை கூறுவது என் கருத்தன்று. ஆனால் பதக்கம் முடிந்த படிப்பைப் பாராட்டுகின்றது. தொடங்காத ஆய்வைத் தொடங்கி வைப்பதில்லை. பதக்கம் நிறுவ வருகின்ற ஒருவரைப் பார்த்து, ஐயா, இத்தொகையில் ஓர் ஆய்வு மாணவர் இரண்டு ஆண்டு களப்பணி செய்யலாமே என்று எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அவர்தான் இடைநிற்பவர்.

புலம்பெயர்ந்த தமிழர் அண்மைக் காலத்தில் இம்முறையை முற்றாகக் கற்றுக்கொண்டனர். முன்னர்க் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வட அமெரிக்கத் தமிழர் பொருள் திரட்டித் தமிழ்ப்பீடம் நிறுவினர். சங்க இலக்கியத்தை ஆங்கிலத்தில் தந்த ஜோர்ஜ் ஹாட் அங்கே விளங்கினார். ஹாவாட்டில் தமிழ்ப்பீடம் அமைய வேண்டும் என்று 2015இல் மருத்துவர்களாகிய விஜய் ஜானகிராமன், திருஞானசம்பந்தம் இருவரும் ஆளுக்கு ஐந்து இலட்சம் டொலர் முன்வைத்தனர். பல்கலைக்கழகம் வேண்டியதோ அறுபது இலட்சம். தமிழ்நாடு அரசு 2017இல் பத்துக் கோடி ரூபா அளித்தது. பள்ளிப் பிள்ளைகள் முதல் ஓய்வூதியர் வரை பலநாட்டுத் தமிழர் சிறு தொகைகள் அனுப்பினர். 2018இல் இலக்கு நிறைவேறியது. அதன்பின் நடந்ததே நாம் கற்கவேண்டியது. கொடுத்தவர் எவரும் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகம் தன் முறைப்படி உலகெங்கும் தேடி, ஐங்குறுநூற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மார்தா ஆன் செல்பியை அமர்த்தியது. சங்கம் என்ற சொல் அப்பீடத்தின் பெயரில் நிற்கின்றது. எந்தத் தனிமனிதர் பெயரும் அதிலில்லை.

கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஸ்காபரோ வளாகத்தில் நடந்த முயற்சி எங்களூரவர்க்கு இன்னும் அணுக்கமானது. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்றோர் நெருங்கி வாழும் பகுதி அது. 2018இல் கனடியத் தமிழர் பேரவையும் தமிழ் இருக்கை அமைப்பும் பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கை செய்து முப்பது இலட்சம் டொலர் திரட்டத் தொடங்கின. 2021இல் அத்தொகை நிறைவுற்றது. கொடுத்தவர் ஆயிரக்கணக்கானோர், அவருள் பெருஞ்செல்வர் சிலரே. பொது அமைப்புகள் மக்களைத் திரட்டின. பல்கலைக்கழக அலுவலகம் பற்றுச்சீட்டையும் உடன்படிக்கையையும் முதலீட்டையும் கவனித்தது. நாவலர் காலத்துப் பிடியரிசியும் பிறைஸ் ஜோன்ஸ் காலத்துக் கணக்குப் புத்தகமும் அங்கே ஒன்றாயின என்று சொல்லலாம்.

ஹாவாட்டுக்கு அளிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும் என்று அப்பொழுது எழுந்த மறுப்புரையையும் நேர்மையாக நோக்க வேண்டும். உலகின் பெருஞ்செல்வப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழன் ஏன் பணம் தரவேண்டும், தமிழ் மண்ணிலுள்ள துறைகள் வாடிக்கிடக்கின்றனவே என்றனர். மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் தமிழ் மண்ணிலுள்ள எந்தத் துறை அவ்விரு மருத்துவரிடம் ஒரு பக்கத் திட்டத்தோடு சென்றது? கேட்டவர்க்குக் கிடைத்தது. கேட்கத் தெரிந்த அலுவலகம் அங்கே இருந்தது.

வன்னியின் நிலையை இங்கு எண்ணாதிருக்க முடியவில்லை. ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைந்நூல் இன்றும் நமக்கு முதல் ஆதாரம். அது அரசாங்க அலுவலர் ஒருவர் அரசாங்கத்துக்காக எழுதியது. அதன்பின் சி. எஸ். நவரத்தினம் 1960இலும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இலும் வன்னியரைப் பற்றி நூல் வெளியிட்டனர். பேராசிரியர் ப. புஷ்பரத்தினம் 1993இல் பூநகரியின் தொல்பொருளை ஆராய்ந்து காட்டினார். முள்ளியவளை முல்லைமணி தம் வாழ்நாள் முழுதும் வன்னியியலைத் தொகுத்தார். இரணைமடுவின் மண்படைகளோ தொல்பழங்கால மனிதரின் கற்கருவிகளைத் தந்து உலக ஆய்வேடுகளிற் பெயர் பெற்றவை. இவ்வளவு வளமுள்ள நிலத்துக்கு இத்தனை விரல்விட்டெண்ணும் நூல்களா என்று அயலார் கேட்டால் நாம் தலைகுனியவேண்டியதே.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நூலகமும் க. மு. செல்லப்பா என்னும் ஒருவர் 1933இல் தம் வீட்டிலே தொடங்கி ஊரவர் கொடையால் வளர்ந்ததே. 2009இன் இறுதிப் போரில் முல்லைத்தீவு மாவட்ட மக்கள் உடுத்த துணியோடு நடந்தபோது, பெட்டியிலிருந்த வைத்திய ஏடுகளும், கோவலன் கூத்துக் கொப்பிகளும், காணி உறுதிகளும், குளக்கட்டு வேலைக் கணக்குகளும் பதுங்குகுழிகளிலும் தெருவோரங்களிலும் கிடந்து மண்ணாயின. எஞ்சியவை சில வீடுகளில் உள்ளன. அவற்றை நினைவிலிருந்து சொல்லக்கூடிய அண்ணாவிமாரும் பரியாரிமாரும் வயதேறியோர். யாழ் நூலுக்கு ஆறு வாரம் எஞ்சியிருந்தது. இவர்களுக்கு எத்துணை எஞ்சியிருக்கின்றதோ.

செய்யத்தக்க வழி இருக்கின்றது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2005இல் இளைஞர் சிலர் தொண்டாகத் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், பெரும்பாலும் புலம்பெயர்ந்தோரின் சிறு கொடைகளால் நடந்து வருகின்றது. பிரித்தானிய நூலகத்தின் அருகும் ஆவணங்கள் திட்டம் அதற்கு உதவியதால் வடபுலத்து ஏட்டுச்சுவடிகள் படமாக்கப்பட்டன. அத்திட்டம் 2004இல் தொடங்கியது ஆர்க்கேடியா என்னும் தனியார் நிதியத்தின் கொடையால். அந்நிதியத்தின் செல்வம், பால் அடைக்கும் அட்டைப்பெட்டி செய்து உலகெங்கும் விற்ற ஒரு சுவீடன் குடும்பத்துக்குரியது. அப்பெட்டியில் விற்ற பாலின் இலாபம் பனையோலையைக் காக்க வந்து சேர்ந்தது தானாக அன்று. விண்ணப்பம் எழுதத் தெரிந்த சிலர் இங்கு இருந்தனர். அதனைப் பெற்றுத் தேர்ந்து கணக்குக் கேட்கும் அலுவலகம் அங்கு இருந்தது.

வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. வன்னிக்கு இப்பொழுது பல்கலைக்கழகம் தொலைவிலில்லை. ரொறன்ரோவிலே தமிழ்ப்பீடத்துக்குக் கொடுத்த அதே கைகள் எங்களூர்க் கோவில்களுக்கும் கொடுக்கின்றன. பழைய மாணவர் சங்கங்களின் வழியே பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கும் கொடுக்கின்றன. கொடை குறைவு என்று எவரும் சொல்லமுடியாது. குளங்களின் வரலாற்றை எழுதவோ, நந்திக்கடலின் நீரை ஆண்டுதோறும் அளந்து பதியவோ, கூத்துகளை ஒலிப்பதிவு செய்யவோ ஒரு விரிவுரையாளர் விரும்பினால், அவர் எங்கே போய்க் கதவைத் தட்டுவது? அவருக்காகத் தட்டுவார் யார்? அத்தொகையை எந்தக் கணக்கில் இடுவது, எவர் கையொப்பமிடுவது, ஆண்டு முடிவில் யார் அறிக்கை எழுதுவது? இவற்றுக்கு விடை சொல்லும் ஒரு மேசையும் ஓர் எழுதுநரும் ஒரு பேரேடும் முதலில் வேண்டும். மாளிகை வேண்டியதில்லை.

எங்களூர்க் கோவிலொன்றிலே திருவிழா முடிந்த பின்வரும் கூட்டத்தில் தனாதிகாரி எழுந்து, வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று உரக்க வாசிப்பார். கடைசி வரிசையிலிருக்கும் கிழவர் ஒருவர் கற்பூரச் செலவைப் பற்றி ஒரு கேள்வி தவறாமற் கேட்பார். விடை சொன்ன பின்னரே கூட்டம் கலையும். அடுத்த ஆண்டுக்குரிய முதற் பற்றுச்சீட்டை அந்தக் கிழவரே வெட்டுவிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.